15 வயதை நெருங்கும் வேகன்-ஆர்: 66,000 ரூபாய் போட்டு ஓட்டுவதா, விற்றுவிடுவதா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: 2011 அக்டோபரில் பதிவான வேகன்-ஆர் விஎக்ஸ்ஐ. பெட்ரோல், 96,000 கி.மீ. ஓடியிருக்கிறது, சிங்கிள் ஓனர். வீடு சென்னை மடிப்பாக்கம். 2023 மிக்ஜாம் புயல் மழையில் பாதி சக்கரம் மூழ்க ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றது. இப்போது மெக்கானிக் 66,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்: கிளட்ச் செட் 8,500, ஏசி கம்ப்ரஸரும் கண்டென்சரும் 24,000, முன்பக்க சஸ்பென்ஷன் 12,500, ரேடியேட்டரும் ஹோஸ்களும் 5,500, டயர் நான்கு 15,500. இருக்கிற நிலையில் 1,30,000-க்கு எடுத்துக்கொள்கிறோம் என்கிறது பழைய கார் வாங்கும் ஒரு நிறுவனம். "வண்டி விலையில பாதியை எவனாவது ரிப்பேர்ல கொட்டுவானா மச்சான், தள்ளிவிடு" என்கிறார் உங்கள் மைத்துனர். வரும் அக்டோபரில் ஆர்.சி.யும், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழும், முடிகிறது.

நான் 20 வருடத்துக்கு மேல் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக வேலை பார்த்தவன். மைத்துனர் சொல்லும் அந்தப் 'பாதி விலை' கணக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதன் அண்ணன் கணக்கை வைத்துத்தான் நான் சாப்பிட்டேன். விபத்தில் அடிபட்ட வண்டியைச் சரிசெய்யும் செலவு, அதன் ஐடிவி, அதாவது பாலிசியில் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' என்று எழுதிவிடுவோம். கம்பெனிக்கு அது சரியான கணக்கு. காசைக் கொடுத்துவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். மறுநாள் காலை அப்பாவை டயாலிசிஸுக்கோ பிள்ளையைப் பள்ளிக்கோ கூட்டிப்போக வேண்டிய அவசியம் அதற்குக் கிடையாது. உங்களுக்கு உண்டு. வண்டியை விற்ற அன்றே நீங்கள் இன்னொரு வண்டி தேட ஆரம்பிப்பீர்கள். அதனால் 66,000-ஐ ஒப்பிட வேண்டியது 1,30,000-த்தோடு அல்ல. அடுத்த இரண்டு வருடம் வேறு எந்த வழியில் போனால் என்ன செலவாகும் என்பதோடு.

போட்டுப் பார்ப்போம். இதை விற்ற 1,30,000-த்தோடு இன்னும் 2,50,000 கடன் வாங்கிப் போட்டு, ஐந்தாறு வருடம் ஓடிய ஒரு சின்னக் காரை 3,80,000-க்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய கார் லோனுக்கு வட்டி புது காரைவிட அதிகம். 13 சதவீதம், நான்கு வருடம் என்று போட்டால் மாதத் தவணை சுமார் 6,700. முழுத் தவணையையும் செலவு என்று சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன், ஏனென்றால் அதில் ஒரு பகுதி வண்டியாக உங்களிடமே நிற்கிறது. செலவு என்றால் முதல் இரண்டு வருட வட்டி சுமார் 52,000. அந்த வண்டியின் விலை இரண்டு வருடத்தில் ஒரு 90,000 இறங்கும். வாங்கியவுடன் பெயர் மாற்றம், பேட்டரி, டயர், ஒரு முழு சர்வீஸ் என்று 30,000. இன்சூரன்ஸ் இப்போது கட்டுவதைவிட இரண்டு வருடத்துக்கு ஒரு 16,000 கூடும். மொத்தம் 1,88,000.

இந்தப் பக்கம்: ரிப்பேர் 66,000. ஆர்.சி. புதுப்பிப்பும் அதற்கான சில்லறை வேலைகளும் 12,000. இரண்டு வருடத்தில் எதிர்பாராமல் ஏதாவது வரும், அதற்கு 30,000. வண்டி விலை இறங்குவது 30,000. மொத்தம் 1,38,000.

வித்தியாசம் 50,000, மாதத்துக்கு இரண்டாயிரம் சொச்சம். என் உத்தேச எண்களை எடுத்துவிட்டு உங்கள் எண்களைப் போட்டால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். வைத்துக்கொள்வதுதான் மலிவு, ஆனால் பிரமாதமான மலிவு ஒன்றும் இல்லை. அந்த 30,000 என்று நான் போட்ட 'எதிர்பாராதது' 80,000 ஆகிவிட்டால் இரண்டும் சமம். ஆக, எதிர்பாராதது எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும், வண்டியைக் கீழிருந்து பார்த்தால்.

எல்லோரும் எஞ்சினைத்தான் கேட்பார்கள். "எஞ்சின் நல்லா இருக்கா?" உங்கள் வண்டியில் இருப்பது கே10 என்கிற 998 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஒழுங்காக ஆயில் மாற்றிய கே10 எஞ்சினுக்கு 96,000 கி.மீ. ஒரு வயதே இல்லை. சந்தேகம் இருந்தால் மூன்று சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் போதும். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது சைலன்ஸரில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஆயில் மூடியைத் திறந்தால் பால் காப்பி நிறத்தில் கசடு இருந்தால் கூலன்ட் உள்ளே கலக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான் எஞ்சின் பாடம். அப்படியே எஞ்சின் போனாலும், புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் கழற்றிய எஞ்சினை வாங்கிப் போட்டு ஆர்.சி.யில் எண்ணை மாற்றிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு.

ஆனால் பாடியை அப்படி மாற்ற முடியாது. ஆர்.சி.யின் உயிர் சேசிஸ் எண்ணில் இருக்கிறது. உங்கள் வண்டி மாதிரிக் கார்களில் அது பாடியிலேயே அடிக்கப்பட்ட எண். பாடி உளுத்துப்போனால் வண்டி போச்சு. நான் பார்த்தவரை, பழைய கார்களைக் கொன்றது எஞ்சின் அல்ல, துரு. அதுவும் சென்னையில், கடல் காற்று ஒரு பக்கம், வருடா வருடம் தேங்கும் மழைத்தண்ணீர் மறுபக்கம். மிக்ஜாமில் ஒன்றரை நாள் நின்ற வண்டி என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் உங்கள் கேள்வியிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது. தண்ணீர் சீட்டுக்கு ஏறவில்லை என்று நிம்மதியாக இருந்திருப்பீர்கள். சக்கரம் பாதி மூழ்கினால் ஃப்ளோர் ஈரமாகியிருக்கலாம். ஃப்ளோர் மேட்டை உலர்த்தினீர்கள், சரி. அதன் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சை உலர்த்தினீர்களா? அங்கே தங்கும் ஈரம் தகட்டை உள்ளிருந்து தின்னும்.

எனவே ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றுங்கள். வீல் அலைன்மென்ட் செய்யும் கடையில் நூறு இருநூறு கொடுத்தால் ஏற்றிக் காட்டுவார்கள். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் போதும். கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டை, அதன் உள்பக்கத்தை, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டங்' என்னும். உளுத்தது 'தொப்' என்னும், சில இடத்தில் முனையே உள்ளே போய்விடும். அப்புறம் ஃப்ளோர், முன்பக்க கிராஸ் மெம்பர், பின் ஆக்ஸில் பாடியோடு சேரும் இடம். பானட்டைத் திறந்து, ஷாக் அப்சார்பரின் தலை மேலே வந்து போல்ட் ஆகும் அந்தக் கிண்ணம் போன்ற பகுதி. மேலாகப் படிந்த செந்தூள் துருவைப் பற்றிக் கவலை வேண்டாம், தேய்த்து அண்டர்கோட்டிங் அடித்துக்கொள்ளலாம். ரன்னிங் போர்டில் ஓரிடத்தில் ஓட்டை என்றாலும் நல்ல டிங்கர் ஒருவர் வெட்டி வெல்டு வைத்துவிடுவார். ஆனால் சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடங்களில் தகடு செதில் செதிலாக உரிந்தால், அங்கே ஏற்கெனவே யாரோ பட்டி பூசி மறைத்திருந்தால், இந்தப் பதிலை அதோடு மூடிவிட்டு வண்டியை விற்கும் வேலையைப் பாருங்கள். 12,500-க்குப் புது ஷாக் அப்சார்பர் வாங்கி உளுத்த கிண்ணத்தில் மாட்டுவது வீண்.

அடிப்பகுதி சுத்தம் என்றால், எஸ்டிமேட்டுக்கு வருவோம். மெக்கானிக்கை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எஸ்டிமேட் என்பது 'எதையெல்லாம் மாற்றினால் எனக்குத் திரும்ப வேலை வராது' என்கிற பட்டியல். அதில் வண்டிக்கு உடனே வேண்டியது எது, வசதிக்கு வேண்டியது எது என்று பிரிக்க வேண்டியது நீங்கள்தான்.

ரேடியேட்டர் வேலையை முதலில் செய்யுங்கள், பேரம் வேண்டாம். அலுமினிய எஞ்சின் ஒருமுறை சூடேறிப்போனால் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட் போய், 5,500-ல் முடிய வேண்டியது பல மடங்காகும். டெம்பரேச்சர் லைட் எரிந்தும் 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டிவந்த வண்டிகளின் சோகத்தை நான் நிறைய பார்த்திருக்கிறேன். அந்தக் கையோடு பெட்ரோல் ஹோஸ்களையும் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். உங்கள் வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும், பழைய ரப்பர் ஹோஸ் வெடிப்பு விடலாம். ஹோஸ் மாற்றுவது சின்னச் செலவு.

ஏசியில்தான் காசு ஒளிந்திருக்கிறது. 'கூலிங் இல்லை' என்றதும் கம்ப்ரஸர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கேஸ் எங்கே கசிகிறது என்று பார்த்தாரா என்று கேளுங்கள். நைட்ரஜன் ஏற்றி லீக் டெஸ்ட் செய்தால் தெரிந்துவிடும். பல நேரம் கண்டென்சரிலோ ஓ-ரிங்கிலோ கசிவு இருக்கும். கம்ப்ரஸர் நன்றாகவே இருக்கும். கம்ப்ரஸர் சத்தம் போட்டாலும் அதன் மேக்னட்டிக் கிளட்ச் மட்டும் தேய்ந்திருக்கலாம், அதைத் தனியாக மாற்ற முடியும். ஆனால் கம்ப்ரஸர் உள்ளுக்குள் உடைந்து இரும்புத்தூள் லைனில் ஓடியிருந்தால் அவர் எழுதிய 24,000 நியாயமானதுதான். ஏசி மட்டுமே பார்க்கும் கடை ஒன்றில் காட்டுங்கள். டேஷ்போர்டைக் கழற்றி கூலிங் காயிலைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசியுங்கள். டேஷ்போர்டை ஒருமுறை கழற்றினால் திரும்ப மாட்டியபின் கடகட சத்தம் விருந்தாளியாக வந்து தங்கிவிடும்.

கிளட்ச்: நான்காவது கியரில், காலி ரோட்டில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் கூச்சல் ஏறி, வேகம் ஏறாவிட்டால் பிளேட் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். பெடல் கனமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மாற்றச் சொல்லியிருந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள். சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் முழுதாகவா, புஷ் மட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டயரை வண்டியின் ரிப்பேரில் சேர்ப்பதே எனக்குப் பிடிக்காது. அது எந்த வண்டியாக இருந்தாலும் போடவேண்டியது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2219 என்றிருந்தால் 2019-ன் 22-வது வாரத்தில் செய்தது. பட்டன், அதாவது டயரின் மேல்வரிகள், மீதமிருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயரை நம்பி ஹைவேயில் போகாதீர்கள்.

இப்படிப் பிரித்தால் 66,000 என்பது 48,000 அளவில் வந்து நிற்க வாய்ப்பிருக்கிறது. மேலே போட்ட கணக்கில் வித்தியாசம் 68,000 ஆகிவிடும்.

ஆர்.சி. விஷயத்தில் தேவையில்லாத பயம் நிறைய. 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் என்பதெல்லாம் டெல்லி வட்டாரத்தின் தலைவலி. இங்கே 15 வருடம் முடிந்தால் வண்டியைக் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். நம் ஊரில் 'எஃப்சி காட்டுவது' என்கிறோமே, அதுதான். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். முன்பு வெறும் 600. தாமதித்தால் மாதம் 500 ரூபாய் கூடும். அதற்கு மேல் பசுமை வரி. 20 வயது தாண்டினால் கட்டணம் 10,000 என்று 2025 ஆகஸ்டில் ஆக்கிவிட்டார்கள். ஆகவே 2031-ல் இதே கேள்வியை நீங்கள் கேட்டால் என் பதில் வேறாக இருக்கும். லைட், பிரேக், புகைச் சான்றிதழ், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தால் புதுப்பிப்பு ஒன்றும் மலையேறும் வேலை அல்ல. பழைய பேங்க் லோன் முடிந்தும் ஆர்.சி.யில் பேங்க் பெயர் அப்படியே இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இருந்தால் பேங்க்கின் என்.ஓ.சி., படிவம் 35 வைத்து நீக்கிவிடுங்கள்.

இதில் விற்பனைக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆர்.சி. முடிய ஐந்தாறு மாதம் இருக்கும் வண்டிக்கு வாங்குபவர் கையை விரிப்பார். 'எஃப்சி 2031 வரை' என்று சொல்ல முடிந்தால் அதே வண்டிக்கு மரியாதை வேறு. விற்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்று இப்போதே விற்றுவிடுங்கள், அல்லது புதுப்பித்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள். செப்டம்பரில் விற்கப் போவதுதான் ஆகாத காரியம். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கி, புது வண்டிகளே விலை குறைந்தன. புதுசு இறங்கினால் பழசும் இறங்கும். உங்களுக்கு வந்த 1,30,000 குறைவாகத் தோன்றினால் அதற்கு உங்கள் வண்டி மட்டும் காரணமல்ல. அப்புறம், அந்தத் தொகை போட்டோவைப் பார்த்துச் சொன்னதா, நேரில் பார்த்துச் சொன்னதா? நேரில் பார்க்க வரும் பையன் கையில் பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டரோடு வந்து, ஒவ்வொரு கீறலுக்கும் ஆயிரம் ஆயிரமாகக் கழிப்பான். எழுத்தில் வராத விலை விலையே அல்ல.

ஸ்க்ராப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2021-ல் வந்த மத்திய அரசின் ஸ்க்ராப் கொள்கைப்படி, பதிவுபெற்ற மையத்தில் கொடுத்தால் புது வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம் கிடைக்கும் என்பது வழிகாட்டும் அளவு. அங்கே தரும் சான்றிதழை வைத்துப் புதுக் கார் வாங்கினால், மாநில அரசு விரும்பினால் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம். ஓடுகிற வேகன்-ஆருக்கு இது கட்டுப்படியாகாது. அடிப்பகுதி முழுக்க உளுத்திருந்தால் மட்டும் யோசியுங்கள்.

விற்பதாக முடிவானால் பெயர் மாற்றத்தில் மட்டும் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள். என் கதையையே சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் என் பழைய காரைத் தெரிந்த ஒரு புரோக்கரிடம் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் தேதி போடாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 'பார்ட்டி கிடைச்சதும் மாத்திடறேன் சார்' என்றார். எட்டு மாதம் கழித்து வேறு மாவட்டத்துக் காவல் நிலையம் ஒன்றிலிருந்து போன். என் பெயரில் இருந்த வண்டி ஒரு டூவீலரை இடித்திருக்கிறது, இன்சூரன்ஸும் முடிந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் சர்வேயர் நான்! அதிர்ஷ்டவசமாகப் பெரிய காயம் இல்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்ட ஈடும் அவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றமே 2018-ல் சொல்லிவிட்டது. வண்டி கைமாறியதும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. தேதி, நேரம் போட்ட டெலிவரி நோட்டு, வாங்குபவரின் அடையாளச் சான்று நகல், ஆர்.சி. பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் பார்ப்பது, இவை எல்லாம் முடிய வேண்டும்; அதுவரை வாங்குபவர் கொஞ்சம் பணத்தை நிறுத்தி வைத்தாலும் சம்மதியுங்கள். ஃபாஸ்டேக்கை மூடுங்கள். இன்சூரன்ஸில் சேர்த்து வைத்திருக்கும் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி, வண்டியோடு போகாது, அது உங்களுடையது. கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் அடுத்த வண்டியில் பயன்படுத்தலாம். முழுதாக 50 சதவீதம் வரை அது போகும், விட்டுவிடாதீர்கள்.

அடுத்ததாக நீங்கள் வாங்கப்போகும் 3,80,000 ரூபாய் வண்டியும் வெள்ளத்தில் நின்றதாக இருக்கலாம் என்பதையும் மறந்துவிட வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். உங்கள் பழைய வண்டியின் வியாதி உங்களுக்குத் தெரியும். அதன் வியாதி விற்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

என் தீர்ப்பு கேட்டீர்கள். உங்கள் ஓட்டம் வாரத்துக்கு 80, 100 கி.மீ., பெரும்பாலும் ஊருக்குள். அடிப்பகுதி தட்டிப் பார்த்ததில் சரியாக இருந்தால் நான் வைத்துக்கொள்வேன்: முதலில் ரேடியேட்டர், அப்புறம் சஸ்பென்ஷனும் கிளட்ச்சும், ஏசியை லீக் டெஸ்ட்டுக்குப் பிறகு, ஆகஸ்டில் எஃப்சி வேலை. மாதம் நாலைந்து முறை மதுரை, திருநெல்வேலி என்று இரவில் ஓட்டுகிறவராக இருந்தால் விற்கச் சொல்லியிருப்பேன், துரு இருக்கிறதோ இல்லையோ. இரண்டு ஏர்பேக்காவது இருக்கிற வண்டியில் உங்கள் வீட்டார் போவது நல்லது. உங்கள் விஎக்ஸ்ஐயில் ஏர்பேக் இல்லை என்று நினைக்கிறேன், ஸ்டீயரிங் நடுவில் பாருங்கள்.

விற்பது என்றே முடிவானால் மேலே சொன்ன வேலைகளில் எதையும் செய்யாதீர்கள், டயர் உட்பட. புது டயருக்கு நீங்கள் போட்ட 15,500-ல் வாங்குபவர் மூவாயிரம்கூடக் கூட்டித் தரமாட்டார். உள்ளே சுத்தமாகக் கழுவி, சர்வீஸ் பில்களை வரிசையாக ஒரு ஃபைலில் போட்டு, இரண்டாவது சாவியைத் தேடி எடுத்து வையுங்கள்.